ரிஹ்லாவின் கடைசிப் பாதை

இப்னு பதூதாவைப் பற்றி நம்மிடையே பேச்செழுந்தால், அது பெரும்பாலும் 1344இல் அவர் இலங்கை வந்ததோடும், ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்துப் பாவா ஆதம் மலை ஏறியதோடும் நின்றுவிடுகிறது. நூலின் இறுதியை வாசித்தவர்கள் குறைவு. ஒரு பயண நூலை அதன் கடைசிப் பகுதியைக் கொண்டே எடைபோட வேண்டும் என்பது எனது எண்ணம். அங்கே பயணி களைத்திருப்பான். வியப்பு வற்றி, வீட்டு நினைவு முந்தியிருக்கும். அப்போது அவன் எதைக் கவனிக்கிறான் என்பதில்தான் அவனது பார்வை வெளிப்படுகிறது.

மாலி நாட்டைப் பார்த்துவிட்டு இன்றைய நைஜரிலுள்ள தகத்தாவில் தங்கியிருந்தபோது, ஊர் திரும்புமாறு மொரோக்கோ சுல்தான் அபூ இனானின் கட்டளை அவருக்குக் கிடைக்கிறது. 37 மித்கால் சொச்சத்துக்கு இரண்டு ஒட்டகங்களை வாங்குகிறார். வழியில் தானியம் கிடைக்காது என்பதால் 70 இரவுகளுக்கான உணவைக் கட்டிக்கொள்கிறார். 1353 செப்டெம்பர் 11இல் பெரியதொரு வணிகக் கூட்டத்தோடு புறப்படுகிறார்.

இதன் பின்னர் வரும் பக்கங்கள் மிகச் சுருக்கமானவை. மூன்று நாள் தண்ணீரில்லாத வெளி, இரும்பின்மேல் ஓடிவருவதால் துணியைக் கறுப்பாக்கும் நீர், ஒரு மாதம் நீடிக்கும் ஹக்கார் நாட்டின் கற்பாதை. அங்குள்ளோர் முகத்திரை அணிந்த பர்பர்கள். நோன்பு மாதத்தில் அவர்கள் வழிப்பறி செய்வதில்லை. பாதையில் கிடக்கும் பொருளைத் திருடனும் தொடுவதில்லை என்கிறார். துவாத்திலுள்ள பூதா என்ற ஊரில் மக்களின் உணவு பேரீச்சம்பழமும் வெட்டுக்கிளியுமாகும். குளிரில் வெட்டுக்கிளி பறக்காது என்பதால் சூரியன் உதிக்குமுன் பிடிக்கிறார்கள். இறுதியாக அட்லஸ் மலையின் பனி. புகாராவிலும் சமர்கந்திலும் குராசானிலும் பனி கண்டவர், உம்மு ஜுனைபா பாதையைப் போல் கொடியதைக் கண்டதில்லை என்கிறார். ஹஜ்ஜுப் பெருநாளை வழியிலேயே கழித்துவிட்டு ஃபாஸ் நகரை அடைகிறார்.

அலங்காரமற்ற இந்த எழுத்து எனக்கு மிகவும் பிடித்தமானது. இப்னு ஜுஸையின் இலக்கியப் பூச்சு இங்கே மெலிந்து, சொல்பவரின் குரல் நேராகக் கேட்கிறது. அவசரமாக முடித்துவிட்டார் என்று குறை கூறுவோர் இதை மனங்கொள்ளல் வேண்டும்.

எனினும் என்னை உறுத்துவது வேறொன்று. அந்தக் கூட்டத்தில் ஏறக்குறைய 600 அடிமைப் பெண்கள் இருந்தனர் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிடுகிறார். அதன்பின் அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தண்ணீரற்ற அந்த மூன்று நாட்களில் அவர்களுக்கு யார் நீர் கொடுத்தார்? எத்தனை பேர் துவாத்தை அடைந்தனர்? ஒட்டகத்தின் விலையைச் சொன்னவர் இதைச் சொல்லவில்லை.

கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. புறப்படுமுன் தகத்தாவில் படித்த அடிமைப் பெண்ணொருத்தியை வாங்க அவர் பட்ட பாட்டை விரிவாகவே எழுதியிருக்கிறார். 25 மித்காலுக்கு ஒருத்தியை வாங்குகிறார். விற்றவர் மனம் வருந்த, அதை ரத்துச் செய்கிறார். இன்னொருத்தியை வாங்க, அவளை விற்றவரும் பிரிவு தாங்காமல் பித்துப் பிடித்தவர்போலாகிறார். ஈற்றில் அவளையும் திருப்பிக் கொடுக்கிறார். விற்றவர்களின் துயரம் பதிவாகியிருக்கிறது. விற்கப்பட்டவர்களின் துயரம் பதிவாகவில்லை.

அக்காலத்தில் அடிமை முறை சட்டத்துக்கு உட்பட்டது, உலகெங்கும் இருந்தது என்று சிலர் பதில் சொல்லலாம். அது உண்மையே. அந்தப் பதில் இப்னு பதூதாவை விளக்குகிறது. வாசகராகிய நம்மை அது விடுவிக்காது. அடிமையை விடுதலை செய்வதை நன்மையென்று போற்றும் மார்க்கத்தைப் பின்பற்றுவோர் அந்த வாக்கியத்தை இலகுவாகக் கடந்துவிடக் கூடாது. பிறர் நம்மைக் குற்றஞ்சாட்டுவார்கள் என்ற பயத்தில் அதை மறைப்பதும் நேர்மையாகாது. அவர் அந்த எண்ணைச் சொல்லாமலும் விட்டிருக்கலாம், சொல்லியிருக்கிறார். 1355 டிசம்பரில் சொல்லி முடிக்கப்பட்ட நூலில் அந்தப் பெண்கள் ஓர் எண்ணாகவேனும் எஞ்சியிருப்பதால்தான் இன்று நாம் இக்கேள்வியைக் கேட்க முடிகிறது.

உம்ராவுக்கும் வெளிநாடுகளுக்கும் சென்று திரும்பிப் பயணக் கட்டுரை எழுதுகின்ற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். திரும்பி வரும் விமானத்தில் உங்கள் பக்கத்து இருக்கையில் வளைகுடாவில் பணிப்பெண்ணாக இருந்துவிட்டு வரும் சகோதரி ஒருத்தி அமர்ந்திருக்கக்கூடும். அவள் அடிமையல்லள், அவளது கதையும் வேறு. ஆயினும் உங்கள் கடைசிப் பக்கத்தில் அவளுக்கும் ஓரிடம் கொடுங்கள். அவளிடம் பேசிவிட்டு எழுதுங்கள்.