மூலிகையும் கிரியையும்

மேனாட்டிற் கிறித்துவத்திற்கு முற்பட்ட தெய்வ வழிபாட்டை மீளக் கொணரப் புகுந்தோருள் இங்கிலாந்து தேயத்து ஜெரால்டு கார்ட்னர் பெரிதும் பேசப்படுபவர். மாந்திரிகம் வல்லேமென நடிப்போரை ஒறுத்த 1735-ஆம் ஆண்டுச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்டது. 1954-இல் அவர் ஒரு நூல் வெளியிட்டு, இக்காலத்து 'விக்கா' என வழங்கும் நெறியைப் பலரறியச் செய்தனர். அஃது இடையறாது வந்த தொன்னெறி என்பது அவர் கூற்று. அத்தொடர்ச்சிக்குச் சான்றின்மையை ரொனால்டு ஹட்டன் 1999-இல் வெளியிட்ட நூலில் விரித்துக் காட்டினர். எனினும், ஒரு நெறியின் தகுதி அதன் வயதால் அளக்கப்படுவதன்று. ஆகலின் ஈண்டு ஆராயற்பாலது வேறொன்று.

கார்ட்னர் காலத்தில் இந்நெறி சிறு குழுவினுள் மூத்தோர் இளையோர்க்குச் சடங்கு செய்து அளிப்பதாயிருந்தது. அமெரிக்கராகிய ஸ்காட் கன்னிங்காம் 1988-இல் எழுதிய நூலோ, ஒருவர் தனித்திருந்தே தம்மை இந்நெறிக்கு ஒப்புவித்துக்கொள்ளலாம் என்றது. இன்று அவ்வழி நிற்போர் பலர், முழுமதி நாளில் விளக்கேற்றலையும் மூலிகையிட்ட நீரிற் குளித்தலையும் 'தன்னைப் பேணல்' என்கின்றனர். உழைத்துக் களைத்தவர் விளக்கொன்று ஏற்றி அமைதியாயிருத்தல் நன்றே. அதனை எள்ளுதல் அறிவுடையார் செயலன்று. குற்றம் யாண்டுப் பிறக்கின்றதெனின், செய்வோர் விருப்பமே செயலுக்கு அளவாகுமிடத்து என்க.

இதற்கு மூலிகையே சான்று பகரும். செயின்ட் ஜான்ஸ் வார்ட் என்னும் மஞ்சட்பூப் பூண்டினை, 1652-இல் மூலிகை நூல் வெளியிட்ட நிக்கொலாஸ் கல்பெப்பர் ஞாயிற்றின் ஆட்சிக்கு உரியதென்றார். கன்னிங்காம் 1985-இல் வெளியிட்ட மூலிகை நூலும் அவ்வாறே மூலிகைகட்குக் கோளும் பூதமும் வகுத்துரைக்கும். அப்பூண்டு மிகாத மனச்சோர்வைத் தணித்தல் ஆராய்ச்சிகளிற் காணப்பட்டதே. ஆயினும் அதுவே பிற மருந்துகளை உடல் விரைந்து சிதைக்கச் செய்து, அவற்றின் ஆற்றலைக் குறைக்கும். மாற்று இருதயம் பொருத்தப்பெற்ற இருவர் இதனை உட்கொண்டமையால், காப்பு மருந்தின் அளவு குருதியிற் குறைந்து, உடல் அவ்விருதயத்தை ஏலாது எதிர்த்தமை 2000-இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஞாயிற்றுக்குரியது என்னும் குறிப்பு இவ்விடரை உணர்த்துமோ? உணர்த்தாது. உணர்த்த வல்லவன் மருத்துவனே.

கிரியையும் அத்தகைத்தே. ஆன்மா தானே அறியாது, அறிவிக்க அறியும் என்பது சித்தாந்தத் துணிபு. தன் மனத்திற்கு இனியதனையே தெரிந்து செய்வோர்க்குத் தம் பிழையை எடுத்துக்காட்டுவார் இலர். தற்போதம் தேயவேண்டிய கிரியையில், அதுவே வளரும்.

அற்றேல், ஆசிரியரும் பிழைபடுவர், குழுக்களிற் கொடுமையும் நிகழும், ஆதலின் தனித்திருத்தலே நன்றெனின், அது பொருந்தாது. பொய்ம்மருத்துவர் உண்மையான் மருத்துவத்தைக் கைவிடுவார் இலர். நல்ல மருத்துவரையே தேடுவர். கன்னிங்காம் தனித்தோர்க்கு வழி திறந்தமை இரக்கத்தின்பாற்பட்டதே. அவ்வழியிற் செல்வோர்க்குத் துணை வேண்டும் என்பதனை அவர் வற்புறுத்தாமையே அந்நூலின் குறை என்பது தெளிக.