டிரைவில் போட்டால் பத்திரமா?

கணக்கு டேட்டாவை எங்கே வைப்பது என்று கேட்டால், செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை இன்று ஒரே பதில்தான் கிடைக்கிறது: "டேலி ஃபோல்டரை அப்படியே கூகுள் டிரைவுக்குள்ள வச்சிடுங்க, அதுவா ஏறிக்கும்." கம்ப்யூட்டர் விற்பவர் இதைச் சொல்கிறார், கணக்குப் பயிற்சி மையங்களில் இதையே சொல்லித் தருகிறார்கள். சிற்பக்கூடத்துக்கும் கடற்கரை விடுதிக்கும் சொன்ன அதே யோசனையை, வீட்டு வரவு செலவை க்னூகேஷ் என்ற கணக்கு மென்பொருளில் எழுதும் ஓய்வூதியருக்கும் சொல்கிறார்கள். இதில் பாதி சரி. மறுபாதி, பல ஆண்டுக் கணக்கை ஒரே நாளில் இழக்க வைக்கக்கூடியது.

சரியான பாதியை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளங்கள் மூழ்கின. அப்படி ஒரு வெள்ளத்தில் மேசைக்கடியில் இருக்கும் சிபியு நனைந்தால், இழுப்பறையில் இருக்கும் பென்டிரைவும் சேர்ந்துதான் நனையும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரை கடந்தது. இந்தக் கரையில் தொழில் செய்கிறவர் கணக்கின் ஒரு பிரதியை ஊருக்கு வெளியே வைத்தே ஆக வேண்டும். கணக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஊரில் இருப்பதற்கு இங்கேயே ஒரு பழைய உதாரணம் உண்டு. செங்கல்பட்டுச் சீமையின் சுமார் இரண்டாயிரம் கிராமங்களின் கணக்குகள் 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்பவர் நடத்திய ஆய்வில் திரட்டப்பட்டன. அவை தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலையாகவும், சென்னை ஆவணக் காப்பகத்தில் ஆங்கிலச் சுருக்கமாகவும் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. தொலைவில் ஒரு பிரதி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

டிரைவ் ஃபோல்டரில் தானாக ஏறுவது அப்படிப்பட்ட பிரதி அல்ல. அது சிங்க். கம்ப்யூட்டரில் நடப்பதை அது அப்படியே மேலேயும் நடத்தும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், இங்கே கெட்டால் கெட்டதுதான் அங்கேயும் போய்ச் சேரும். 2017 மே மாதம் வான்னாக்ரை உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டியதே, அந்த மாதிரி ஒரு வைரஸ் வந்தால் பூட்டிய ஃபைலையும் சிங்க் விசுவாசமாக மேலே ஏற்றிவிடும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியில் இது நடந்ததை அருகிருந்து பார்த்தேன். லேப்டாப்பில் இடமில்லை என்று மேலாளர் அக்டோபரில் பழைய ஆண்டின் கம்பெனியை (கணக்குத் தொகுப்புக்கு டேலியில் அதுதான் பெயர்) டேலியிலிருந்து நீக்கினார். "டிரைவ்ல இருக்கே சார்" என்பது அவருடைய நம்பிக்கை. டிசம்பர் 31-க்குள் ஜிஎஸ்டி ஆண்டுக் கணக்கு கொடுக்க வேண்டுமே என்று கடைசி வாரத்தில் தேடினால் டிரைவிலும் இல்லை, டிரைவின் குப்பைத் தொட்டியிலும் இல்லை. குப்பைத் தொட்டியில் போனது முப்பது நாளில் நிரந்தரமாக அழிந்துவிடும். அந்த மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு இடத்தில் இருக்கிறது என்று அவருக்குச் சொல்லித் தரப்பட்டிருந்தது. உண்மையில் இருந்தது ஒன்றுதான்.

அழிப்பதாவது வெளியே தெரியும். இன்னொரு கேடு தெரியவே தெரியாது. டேலியின் டேட்டா ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். 10000 என்பதுபோல் ஒரு எண்ணில் கம்பெனி ஃபோல்டர் இருக்கும், அதற்குள் ஒன்றையொன்று சார்ந்த பல ஃபைல்கள் இருக்கும். ஒரு பில்லைப் பதிந்தால் அவற்றில் பல சேர்ந்து மாறும். சிங்க் அவற்றைத் தனித்தனியாகத்தான் ஏற்றுகிறது. மழைக்காலத்தில் பாதி ஏறும்போது கரண்டோ நெட்டோ போனால், மேலே நிற்பது மதியத்து ஃபைல் சிலவும் காலையின் ஃபைல் சிலவும் கலந்த ஒரு தொகுப்பு. அப்படி ஒரு நிலையில் உங்கள் கணக்கு எந்த நேரத்திலும் இருந்ததில்லை. கடையில் ஒருவரும் வீட்டில் ஒருவரும் ஒரே ஃபோல்டரைத் திறந்து வேலை செய்தால் நிலைமை இன்னும் மோசம்.

பழைய வெர்ஷனை டிரைவ் வைத்திருக்குமே என்று இதற்கு வாதாடுவார்கள். வைத்திருக்கிறது, பொதுவாக முப்பது நாள் வரை. ஆனால் ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியாக. அத்தனை ஃபைலையும் ஒரே கணத்துக்குக் கையால் திருப்பிக் கொண்டுவர எந்தக் கடைக்காரரால் முடியும்? க்னூகேஷில் கணக்கு பொதுவாக ஒரே ஃபைல் என்பதால் இந்தச் சிக்கல் குறைவு. இரண்டு பேர் ஒரே சமயத்தில் திறக்காமலிருக்க அது ஒரு பூட்டு ஃபைலையும் போடுகிறது. அந்தப் பூட்டு அடுத்த கம்ப்யூட்டருக்குச் சிங்க் ஆகிப் போய்ச் சேர்வதற்குள் அங்கே ஒருவர் திறந்துவிட்டால் பூட்டால் என்ன பயன்? திறந்து வேலை செய்யும் ஃபைல் சிங்க் ஃபோல்டரில் இருக்கவே கூடாது என்பேன். இதில் விதிவிலக்கு கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

டிரைவ் யாருடைய ஜிமெயிலில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். பல இடங்களில் அது டேலியை நிறுவிக்கொடுத்தவரின் ஜிமெயிலாக இருக்கும். அப்போது பிரதியின் சாவி உங்கள் கையில் இல்லை. இரண்டு ஆண்டு தொடாமல் விட்ட அக்கவுன்டை கூகுள் நீக்கலாம் என்ற விதியும் இருக்கிறது.

மத்திய ஜிஎஸ்டி விதிகளில் 57-ஆவது விதி தெளிவாக இருக்கிறது. விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ பதிவேடு அழிந்தால், நியாயமான காலத்துக்குள் மீட்க முடிகிற விதத்தில் மின்னணு பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்கிறது. அது கேட்பது மீட்பை. ஏற்றியதோடு கடமை முடிந்தது என்று நினைப்பவர் அந்த விதியைப் பாதிதான் படித்திருக்கிறார்.

டேட்டா கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்கிலேயே இருக்கட்டும். கடை சாத்தும்போது டேலிக்குள்ளேயே இருக்கும் பேக்கப்பை எடுத்து, தேதி போட்ட தனி ஃபோல்டரில் வைத்து, அதை உங்கள் சொந்த ஜிமெயிலின் டிரைவில் ஏற்றுங்கள். நேற்றையதன் மேல் இன்றையதை எழுதாதீர்கள். மாதம் ஒரு பிரதியை ஹார்டு டிஸ்கில் எடுத்து, தண்ணீர் ஏறாத வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். டேட்டாவைப் பூட்டும் டேலிவால்ட் பாஸ்வேர்டு போட்டிருந்தால் அதை எழுதி வேறிடத்தில் வையுங்கள். அது தொலைந்தால் பேக்கப் இருந்தும் திறக்க முடியாது.

பயிற்சி மையங்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் வாரத்திலேயே மாணவரை ஒரு பேக்கப் எடுக்கச் சொல்லி, அதை இன்னொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்யவைத்து, இரண்டிலும் டிரயல் பேலன்ஸ் ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு டிரைவைப் பற்றிச் சொல்லிக்கொடுங்கள்.