உள்ளே தேங்காய், மேலே தேங்காய்

சென்னையில் எங்கள் சம்பந்தி வீட்டில் ஒரு மாலை வேளையில் மூன்றடுக்குச் சாக்லேட் கேக் ஒன்று என் முன் வைக்கப்பட்டது. அடுக்குகளின் இடையிலும் உச்சியிலும், முட்டை மஞ்சட்கருவும் பாலும் சீனியும் வெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சித் தேங்காயும் பருப்பும் கலந்த பூச்சு தடித்துக் கிடந்தது. அமெரிக்க தேசத்துப் பட்சணம் அது. 'ஜெர்மன் சாக்லேட் கேக்' என்று பெயர் வழங்கினாலும் ஜெர்மனிக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. 1852-இல் சாமுவேல் ஜெர்மன் என்பவர் ஓர் அமெரிக்கக் கம்பெனிக்காக உருவாக்கிய இனிப்புச் சாக்லேட்டின் பெயரே, 1957-இல் டல்லாஸ் நகரத்துப் பத்திரிகையில் ஓர் இல்லத்தரசியின் செய்முறை பிரசுரமான பிற்பாடு கேக்கின் பெயராகவும் நிலைத்துவிட்டது. அங்கே பீக்கன் என்னும் கொட்டையைப் போடுவார்கள். இங்கே முந்திரிப் பருப்பு. ருசியைக் குறை சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் இரண்டாவது துண்டைத் தட்டில் வைக்கும்போது அந்த அம்மாள், "உங்க ஊர்ல கேக்னா வெறும் பட்டர் கேக்தானாமே சம்பந்தி? இப்படித் தேங்காய், முந்திரி எல்லாம் போட்டுப் பண்ண மாட்டாங்களாமே?" என்று மிகுந்த பரிவோடு கேட்டார். அந்தப் பரிவுதான் சுட்டது.

பட்டர் கேக் எங்களுக்கு நித்தியப்படி உணவு. அதை வைத்து இலங்கையின் கேக் கலையை அளப்பது, சென்னைக்கு வந்த ஒருவன் இட்லியைத் தின்றுவிட்டு, இவ்வூரில் விருந்துச் சமையல் என்று ஒன்று இல்லை போலும் என்று முடிவு கட்டிக்கொண்டு கப்பல் ஏறுவதற்குச் சமானமாகும். விசேஷ தினங்களுக்கென்று எங்களிடம் இருப்பவை வேறு. அவற்றில் தலையாயது லவ் கேக். ரவையை வெண்ணெயில் ஊறவிட்டு, மஞ்சட்கருக்களைச் சீனியோடு நுரைக்க அடித்து, பொடியாக அரிந்த கஜு என்னும் முந்திரிப் பருப்பும் நீற்றுப்பூசணியைச் சீனிப் பாகில் இட்டுச் செய்த 'புஹுல் தோசி'யும் தேனும் பன்னீரும் ஏலமும் கறுவாவும் சாதிக்காயும் சேர்த்து, பல மடிப்புக் காகிதம் விரித்த தட்டில் ஊற்றி, மிக மெல்லிய சூட்டில் நெடுநேரம் வேகவிடுவார்கள். ஈர்க்குக் குச்சியால் குத்தி, ஒட்டாமல் வந்தால் வெந்தது என்று தீர்மானிக்கும் பரீட்சை இந்தக் கேக்கிடம் செல்லாது; மேற்புறம் பொன்னிறத்தில் முறுகலாகவும் நடுப்பாகம் பசையோடு ஈரமாகவும் இருப்பதே இதன் லட்சணம். அரியும்போது கத்தியில் சிறிது ஒட்டிக்கொண்டு வரவேண்டும். ஒட்டாவிட்டால் அடித்தவர் அவசரப்பட்டிருக்கிறார் என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் கேக்கைச் 'செய்வது' என்பதில்லை, 'அடிப்பது' என்றே சொல்வோம் என்பதையும், அது கைவலிக்கு ஏற்ற பெயர்தான் என்பதையும் இங்கே குறித்துவிடலாம்.

கல்யாணங்களுக்கு அடிக்கும் ரிச் கேக் இதற்கு அடுத்த உறவு. யாழ்ப்பாணத்துச் சைவ வீட்டுக் கல்யாணங்களிலும்கூட, சிறு சிறு துண்டுகளாக அரிந்து பளபளக்கும் தாளில் சுற்றி, வந்தவர் கையில் கொடுத்தனுப்பும் வழக்கம் உண்டு. அதன் மேல் ஒட்டும் பூச்சுக்கு 'அல்மண்ட் பேஸ்ட்' என்று நாமகரணம் செய்திருக்கிறோம். பெயர் பாதாமுக்கு உரியதாயினும், பெரும்பாலான வீடுகளில் அரைபடுவது கஜுவே. பருப்புப் பூச்சு பூசத் தெரியாதவர்கள் என்று எங்களைச் சொல்பவர்கள் அந்த ஒரு துண்டையேனும் பிரித்துப் பார்த்திருக்கலாம்.

தேங்காய் விஷயத்துக்கு வருவோம். பிபிக்கன் என்ற சிங்களப் பெயருடைய கேக்கில், தேங்காய்ப்பூவைக் கித்துள் பனையின் பாகாகிய பாணியில் இட்டு, நீர் வற்றிக் கருத்துத் திரளும்வரை கிளறி, அதன் பின்னரே மாவும் கஜுவும் வாசனைத் திரவியங்களும் சேர்ப்பார்கள். இதில் ஒரு சூக்ஷுமம் இருக்கிறது. பச்சைத் தேங்காயை அப்படியே கேக்கில் சேர்த்தால் எங்கள் வெப்பத்தில் விரைவிலேயே புளித்துப்போகும். பாணியில் வெந்த தேங்காயோ பல நாள் கெடாது. நாளாக ஆக மெதுமையும் கூடும். தேங்காயை மேலே தூவி அலங்கரிப்பவர்களுக்கும், அதையே கேக்கின் சரீரமாக்குகிறவர்களுக்கும் உள்ள பேதம் இதுதான்.

நான் 'தேங்காய்ப்பூ' என்று எழுதியதும் தமிழகத்து வாசகர் புருவம் உயர்த்தக்கூடும். சென்னைத் தள்ளுவண்டிகளில் அந்தப் பெயரால் விற்பது, முளைவிட்ட தேங்காயின் உள்ளே பஞ்சுபோல் திரண்டிருக்கும் உருண்டை. யாழ்ப்பாணத்திலோ திருவலையில் திருவி விழுவதெல்லாம் தேங்காய்ப்பூ. முந்திரியின் கதை இன்னும் விநோதமானது. முந்திரிகை என்றால் எங்களுக்குத் திராட்சை. இந்தியர் முந்திரி என்பதை நாங்கள் மரமுந்திரிகை என்றோ கஜு என்றோ சொல்வோம். சென்னைக் கடையொன்றில் நான் முந்திரிகை வற்றல் கேட்டு, கடைக்காரர் முந்திரிப் பருப்பை அள்ளி நிறுக்கத் தொடங்க, இருவரும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு நின்றோம்.

தமிழகத்துப் பேக்கரிகளில் தேங்காய் இல்லாமலில்லை. சீனிப் பாகில் நனைத்த பஞ்சுக் கேக்கின் மேல் சிவப்பு ஜாமைத் தடவி, உலர்ந்த தேங்காய்த் துருவலைத் தூவிய 'ஹனி கேக்'கை அங்கே சிறுவர் முதல் பெரியோர் வரை விரும்பி உண்கிறார்கள். பெயரில் தேன் இருந்தாலும் கேக்கை நனைப்பது பெரும்பாலும் சீனிப் பாகுதான். அல்மண்ட் பேஸ்ட்டைப் பற்றிச் சற்று முன் எழுதிய நான் இதைப் பெரிதுபடுத்துவது நியாயமாகாது. எனினும் நாக்கில் படும் அந்தத் தேங்காய் கேக்கின் மேல் அமர்ந்த விருந்தாளியே அன்றி, அதன் ரத்த பந்து அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தூத்துக்குடி மக்ரூன் முன்பு என் வாய் அடைபடும். முட்டையின் வெண்கருவும் சீனியும் முந்திரிப் பொடியும் தவிர வேறெதுவும் இல்லாமல், கூம்பு வடிவில் காற்றைப் போல் கரைகிற அந்தப் பண்டத்துக்கு ஈடு எங்கள் பக்கத்தில் இல்லை. நாங்கள் மஞ்சட்கருவை எடுத்துக்கொண்டு லவ் கேக் அடிக்க, எதிர்க்கரைக்காரர்கள் வெண்கருவை எடுத்துக்கொண்டார்கள் போலும். புதுச்சேரியில் கிறிஸ்துமஸுக்கு ரவையும் முந்திரியும் சேர்த்துச் செய்யும் கேக்கை 'விவிக்கம்' என்கிறார்கள். பிபிக்கன் என்ற பெயர் கடல் தாண்டும்போது சற்றே நனைந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம். கேரளத்துப் பிளம் கேக் நல்லதுதான். தேங்காய் வழக்கில் அதற்கு இடமில்லை.

அடுக்குகள் என்று வந்தால் கோவாவை விட்டுப் பேச முடியாது. மஞ்சட்கரு, தேங்காய்ப்பால், சீனி, மாவு ஆகியவற்றைக் கரைத்து, ஓர் அடுக்கு ஊற்றி, மேலே தணல் வைத்துச் சிவந்தபின் நெய் தடவி, அடுத்த அடுக்கை ஊற்றி, இவ்விதம் 7 அடுக்கோ 16 அடுக்கோ பொறுமையோடு ஏற்றுவது பிபிங்கா. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அது சுடப்படும் முற்றத்தில் உட்கார்ந்து வாசனை பிடிக்கும் பாக்கியம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. பொதி பிரித்துத் தின்றவர்கள் சொல்லக்கூடியது, அடுக்கு நேர்த்தியில் அது எங்களை வென்றது என்பதே. போர்த்துக்கீசர் கோவாவில் 1510 முதல் 1961 வரை இருந்தார்கள். எங்கள் தீவில் 1505-இல் வந்திறங்கி 1658-இல் ஒல்லாந்தரிடம் தோற்று வெளியேறினார்கள். அத்தனை குறுகிய காலத்தில் அவர்கள் விட்டுச்சென்ற 'போலோ ஃபொலியாடோ' என்னும் கஜு அடுக்குக் கேக்கைப் ஐரோப்பிய வம்சாவளியினரான பறங்கியர் வீடுகள் இந்நாள்வரை காப்பாற்றி வந்திருப்பதை எண்ணும்போது, பிபிங்காவிடம் தோற்ற கசப்பு வெகுவாகக் குறைகிறது. கஜு மரமே அவர்கள் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது என்பதால், முந்திரிக்கு இரு கரையாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்பதும் உண்மை.

சாக்லேட் ஒன்றுதான் மிச்சம். எங்கள் தலைமுறையில் எந்தச் சாக்லேட்டையும் 'கண்டோஸ்' என்றே கேட்போம். அது ஓர் உள்ளூர்க் கம்பெனிச் சாக்லேட்டின் பெயர். பாலில் தோய்த்த மாரி பிஸ்கட்டை அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு கொக்கோவும் வெண்ணெயும் சீனியும் சேர்ந்த பூச்சைத் தடவி, வறுத்த கஜுவைத் தூவிக் குளிரவைக்கும் பிஸ்கட் புடிங், போறணை என்னும் கேக் அடுப்பே இல்லாத வீட்டிலும் ஆகும் அடுக்குச் சாக்லேட் கேக் அல்லாமல் வேறென்ன? அதற்கு வேண்டிய சரக்கும் எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. கோப்பிச் செடிகளை நோய் அழித்தபின் மாத்தளைப் பக்கத்தில் கொக்கோ தழைத்தது. உலர்த்திய தேங்காய்த் துருவலோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே மேல்நாட்டு மிட்டாய்க்காரர்களுக்கு இங்கிருந்து கப்பலேறி வந்திருக்கிறது. பொள்ளாச்சித் தோப்புகளிலும் தென்னை நிழலில் கொக்கோ காய்க்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கணக்கு நேராகட்டும்.

டிசம்பரில் கொழும்புக்கு வரும் தமிழக அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். கண்ணாடிப் பெட்டியில் கிரீம் பூசி நிற்பவற்றை உங்கள் ஊரிலேயே தின்னலாம். அவற்றுக்காகக் கடல் தாண்ட வேண்டாம். லவ் கேக் வீட்டில் அடித்து விற்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், விலையைக் கேட்டுத் திடுக்கிடாதீர்கள், அதில் கஜுவே பாதி. ஒரு துண்டுக்கு மேல் வேண்டாம். கூட ஒரு பிளேன் டீ கேளுங்கள். பால் விட்ட தேநீர் அதற்கு உதவாது.