வீணாகாத வலு: சினூக்கும் அதன் பணிக்குழுவும்

சினூக், முன்னும் பின்னுமாக இரண்டு பெரிய விசிறிகளைத் தாங்கிய இராணுவப் போக்குவரத்து ஹெலிகொப்டர். அதற்கு வால் விசிறி கிடையாது. ஒற்றை விசிறி ஹெலிகொப்டரில், மேலே சுழலும் விசிறி ஒரு பக்கம் போனால் உடல் எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். அந்தத் திருப்பத்தை அடக்கவே வாலில் சிறு விசிறி வைக்கிறார்கள். இயந்திர வலுவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்ளும். அந்தப் பங்கு ஒரு கிலோ சுமையைக்கூடத் தூக்காது. சினூக்கின் முன் விசிறி இடஞ்சுழியாகவும் பின் விசிறி வலஞ்சுழியாகவும் சுழல்வதால் ஒன்றின் முறுக்கை மற்றது அழித்துவிடுகிறது. வால் விசிறிக்குப் போயிருக்கும் வலுவும் தூக்கும் வேலைக்கே போகிறது. இந்தச் சிக்கனத்தில்தான் அதன் அழகு தொடங்குகிறது.

இந்த வடிவத்தை வேரூன்றச் செய்தவர் அமெரிக்கப் பொறியியலாளர் பிராங்க் பியசெக்கி. அவரது முதல் இரட்டை விசிறி ஹெலிகொப்டர் 1945இல் பறந்தது. அவர் தொடங்கிய நிறுவனம் பின்னர் வெர்டோல் என்று பெயர் மாறி, 1960இல் போயிங்கின் கைக்கு வந்தது. சினூக்கின் முதல் பறப்பு 1961 செப்டெம்பர் 21இல் நிகழ்ந்தது. அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் அதன் புதிய வகைகள் கட்டப்படுகின்றன. இயந்திரமும் மின்னணுவும் மாறின. அடிப்படை வடிவம் மாறவில்லை.

ஒவ்வொரு விசிறிக்கும் மூன்று இறக்கைகள். விசிறியின் குறுக்களவு 18.29 மீற்றர். ஆனால் விசிறித் தண்டுகள் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 12 மீற்றர்தான். ஆகவே ஒரு விசிறியின் வட்டத்துக்குள் மற்றதன் இறக்கைகள் புகுந்து வெளியேறியபடி இருக்கும். முட்டாமல் இருப்பதற்குக் காரணம், உடலின் கூரைமேல் ஓடும் சுழல்தண்டு. இரு விசிறிகளையும் அது பற்சக்கரங்கள் வழியே ஒரே கணக்கில் பிணைத்து வைத்திருக்கிறது. பின்புறமுள்ள இரண்டு இயந்திரங்களின் வலுவும் ஓரிடத்தில் சேர்ந்தே இரு விசிறிகளுக்கும் பிரிகிறது. ஓர் இயந்திரம் நின்றாலும் மற்றது இரண்டு விசிறிகளையும் சுழற்றும். தூரத்திலிருந்தே சினூக்கை அடையாளம் காட்டும் அந்தக் கனத்த தாளமும் இந்த நெருக்கத்தின் விளைவுதான். ஒரு விசிறி கலைத்துவிட்ட காற்றை அடுத்த விசிறியின் இறக்கைகள் வெட்டும்போது எழுகிற ஓசை அது.

எஃப் வகைச் சினூக் சுமையோடு 22,680 கிலோ எடை வரை எழும்பும். ஏறத்தாழ 10 தொன் சுமக்கும். சுமை இரண்டு விசிறிகளுக்கு நடுவே தொங்குவதால், பொருள் சற்று முன்னே பின்னே இருந்தாலும் சமநிலை கெடாது. வயிற்றுப் பகுதியில் மூன்று கொக்கிகள் உண்டு. ஒற்றைக் கொக்கியில் தொங்கும் பொருள் காற்றில் சுழலும். முன் கொக்கியிலும் பின் கொக்கியிலும் மாட்டினால் நேராக நிற்கும், வேகமாகவும் பறக்கலாம்.

இத்தனையும் பணிக்குழு இல்லாமல் பயன்படாது. முன்னே இரு விமானிகள் இருப்பார்கள். பின்னே பறப்புப் பொறியாளரும் சுமைப் பொறுப்பாளரும் இருப்பார்கள். ஓட்டும் விமானிக்கு ஹெலிகொப்டரின் வயிற்றின் கீழே தொங்கும் சுமையும் தெரியாது, பின்சக்கரமும் தெரியாது. ஹெலிகொப்டரின் உள்தளத்திலுள்ள திறப்பின் ஓரம் குப்புறப் படுத்துக் கொக்கியைப் பார்க்கும் பணியாளரே அவருக்குக் கண். முன்னே இத்தனை, வலப்பக்கம் இத்தனை, இறங்கு, நில் என்று தூரத்தையும் திசையையும் மட்டும் அவர் சொல்லிக்கொண்டிருப்பார். கூடுதலாக ஒரு சொல் வந்தால் அடுத்த சொல் பிந்திவிடும். கீழே சுமையை மாட்டுபவருக்கும் தனி ஒழுங்கு உண்டு. பறக்கும் உடலில் நிலைமின் சேர்ந்திருக்கும். அதை நிலத்துக்குக் கடத்திய பிறகே கொக்கியில் கை வைக்க வேண்டும்.

இந்தக் கலையின் உச்சம் மலைச்சரிவில் இறங்கும் முறை. முழு உடலும் அமர இடமில்லாத விளிம்பில், பின்சக்கரங்கள் இரண்டை மட்டும் நிலத்தில் தொடவைத்து, முன்பகுதியைக் காற்றிலேயே நிறுத்துகிறார்கள். பின்கதவைத் தாழ்த்தி ஆட்களை ஏற்றுகிறார்கள். ஒவ்வொருவர் ஏறும்போதும் எடை மாறும்; விமானியின் கை அதற்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இயந்திரம் அசையாமல் நிற்பதாகத் தோன்றும். அந்த அசையாமைக்குள் நூறு சிறு திருத்தங்கள் இருக்கின்றன.

தமிழர் வாழும் நாடுகளில் சிங்கப்பூர், இந்தியா உள்ளிட்டவை சினூக்கைப் பறக்கவிடுகின்றன. இந்தியா 2015இல் 15 சினூக்குகளுக்கு ஒப்பந்தம் செய்தது. 2018இல் இந்தியப் பணிக்குழுவினர் அமெரிக்காவின் டெலவெயரில் பயிற்சி பெற்றனர். 2019 மார்ச் 25இல் சண்டிகாரில் முதல் தொகுதி படையில் சேர்ந்தது. இமயத்தில் பீரங்கிகளையும் வீதி அமைக்கும் கருவிகளையும் சுமப்பது அவற்றின் வேலை. 2022 ஏப்ரலில் ஒரு சினூக் சண்டிகாரிலிருந்து அசாமின் ஜோர்ஹாட் வரை 1,910 கிலோமீற்றரை இடையில் இறங்காமல் ஏழரை மணித்தியாலத்தில் கடந்தது.

இலங்கை விமானப்படையிடம் சினூக் இல்லை. மலையகத்தின் வானில் பணியாற்றுபவை ஒற்றை விசிறியுடைய எம்ஐ-17, பெல் 212, பெல் 412 ஆகியவை. ஆனால் இரட்டை விசிறியின் அருமையை விளக்க மலையகத்தைவிடப் பொருத்தமான நிலம் அரிது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. விசிறி தூக்கும் வலுவும் அந்த அளவுக்குத் தளர்கிறது. முறுக்கை அடக்குவதில் வலு வீணாகாத வடிவம் இத்தகைய உயரத்தில்தான் தன் மதிப்பைக் காட்டும். தோட்டங்களிலோ சமநிலம் குறைவு. சரிவும் ஓடையும் லயமும் தேயிலையும் நெருங்கிக் கிடக்கின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மண்சரிவுகள் வீதிகளையும் புகையிரதப் பாதையையும் துண்டித்தபோது, கொத்மலையில் சிக்கியவர்களை இந்திய விமானப்படையின் எம்ஐ-17கள் தூக்கி மீட்டன. அதே நிவாரணப் பணியில் இலங்கையின் பெல் 212 ஒன்று லுணுவிலவில் விழுந்து, அதன் விமானி உயிரிழந்தார்.

எந்த வலுவும் முகிலை வெல்லாது என்பதையும் தேயிலை மலைகள் அறியும். 2021 டிசம்பர் 8இல் நீலகிரியில் குன்னூருக்கு அருகே இந்தியாவின் எம்ஐ-17 மலையில் மோதியது. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி, முகிலுக்குள் புகுந்ததில் விமானியின் திசையுணர்வு தடுமாறியதே காரணம் என்று விசாரணை கண்டது. திரும்பிவிட வேண்டிய நேரத்தை அறிவதும் மலைப் பறப்பில் முதல்தரத் தேர்ச்சி.

விசிறிக் காற்றுக்கும் அஞ்ச வேண்டும். சினூக் போன்ற பெரிய இயந்திரம் தாழப் பறந்தால் ஆணி தளர்ந்த தகரக் கூரை லயத்திலிருந்து பெயர்ந்து பறக்கும். அதே தகரம் விசிறியில் பட்டால் இயந்திரமே அழியக்கூடும். ஆகவே வானிலிருந்து வரும் உதவியின் பாதி தரையில்தான் தயாராகிறது. ஒவ்வொரு தோட்டமும் தன் விளையாட்டு மைதானத்தைக் கட்டடமும் கம்பியும் நெருங்காமல் காக்க வேண்டும். அதன் ஓரத்தில் கட்டப்படாத தகரமோ பொலித்தீனோ கிடக்கவிடக் கூடாது. திறமையான பணிக்குழு மலைக்கு வந்து சேரும்போது, இறங்க இடமின்றித் திரும்பிப்போகும் நிலை வரக்கூடாது.