எலிக்கும் திமிங்கிலத்துக்கும் ஒரே கடிகாரமா?

நாயின் ஒரு வயது மனிதனின் ஏழு வயதுக்குச் சமம் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது வெறும் தோராயக் கணக்கே. எனினும் இதற்குள் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. வெவ்வேறு ஆயுள் கொண்ட விலங்குகளின் முதுமையை ஒரே அளவுகோலால் அளக்க முடியுமா?

முடியும் என்கிறது, 2023ஆம் ஆண்டில் 'நேச்சர் ஏஜிங்' என்ற ஆய்விதழில் வெளிவந்த ஒரு கட்டுரை. ஸ்டீவ் ஹார்வத்தும் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த பணி இது. இதன் நிறை குறைகளைப் பார்ப்போம்.

நம் உயிரணுக்களிலுள்ள டி.என்.ஏ. மூலக்கூறில் ஆங்காங்கே மெதில் என்னும் சிறு வேதித் தொகுதி ஒட்டியிருக்கும். வயது ஏற ஏற இது சில இடங்களில் கூடுகிறது; சில இடங்களில் குறைகிறது. 185 வகைப் பாலூட்டிகளின் இரத்தம், தோல், கல்லீரல், மூளை முதலிய 59 வகைத் திசுக்களிலிருந்து 11,754 மாதிரிகளை ஆராய்ந்தார்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 36,000 இடங்களை அளந்தார்கள். இத்தனை எண்களையும் கையால் ஒப்பிட ஒரு மனித ஆயுள் போதாது. கணிப்பொறி அவற்றை அலசி, ஆயிரத்துக்கும் குறைவான இடங்களைப் பொறுக்கி, வயதைக் கணிக்கும் சமன்பாட்டைத் தந்தது. கணித்த வயதுக்கும் உண்மை வயதுக்கும் உள்ள ஒட்டுறவுக் கெழு 0.96க்கும் மேல்! ஓர் இனத்தை முற்றிலும் ஒதுக்கிவிட்டு, மற்றவற்றைக் கொண்டு அதன் வயதைக் கணித்தும் சோதித்தார்கள். இது பாராட்டத்தக்க நேர்மை.

ஆனால் உயர்ந்த கெழுவைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. எறும்பு முதல் யானை வரை எடையைக் கண்ணால் மதிப்பிட்டாலும் கெழு உயர்ந்தே இருக்கும். இரண்டு யானைகளுள் எது கனமானது என்று சொல்ல அம்மதிப்பீடு உதவாது.

இனி முக்கியமான குறைக்கு வருவோம். இனங்களை ஒப்பிட, விலங்கின் வயதை அதன் இனத்தின் உச்ச ஆயுளால் வகுக்கிறார்கள். இந்த உச்ச ஆயுள் எப்படிக் கிடைத்தது? மனிதனுக்கு, 1997இல் தம் 122ஆம் வயதில் இறந்த பிரெஞ்சுப் பெண்மணி ழான் கால்மான் சான்று. கோடிக்கணக்கானோரின் பதிவுகளிலிருந்து கிடைத்த எண் அது. பிராண்ட் வௌவாலுக்கோ, சைபீரியாவில் வளையமிட்டு விடப்பட்டு 41 ஆண்டுகளுக்குப் பின் அகப்பட்ட ஒரே வௌவால்தான் சான்று. இன்னும் பல வௌவால்களைப் பார்த்திருந்தால் எண் கூடியிருக்கலாம் அல்லவா?

ஆய்வாளர்களும் இதை உணர்ந்தே, மனிதனும் எலியும் தவிர மற்ற இனங்களின் உச்ச ஆயுளை 1.3 ஆல் பெருக்கினார்கள். இந்த 1.3 அளந்து பெற்ற எண் அல்ல, ஓர் ஊகம். விளைவைப் பாருங்கள். 20 வயது வௌவாலுக்கு 20-ஐ 41-ஆல் வகுத்தால் 0.49, அதாவது பாதி ஆயுள். 53.3-ஆல் வகுத்தால் 0.38 தான். வௌவால் மாறவில்லை, வகுக்கும் எண் மாறியது! (கருவிலிருக்கும் காலத்தையும் அவர்கள் சேர்க்கிறார்கள், எளிமைக்காக அதை விட்டுவிட்டோம்.) மிகுதியாகக் கவனிக்கப்பட்ட இனத்துக்கும் அரிதாகக் கவனிக்கப்பட்ட இனத்துக்கும் ஒரே பெருக்கெண் பொருந்துமா?

மூளையைப் பொறுத்தவரை இன்னும் எச்சரிக்கை தேவை. மனித மூளையின் மற்றப் பகுதிகளைவிடச் சிறுமூளை மெதுவாக முதுமை அடைவதாக இத்தகைய கடிகாரமே காட்டுகிறது என்று ஹார்வத் குழுவினர் 2015இல் எழுதினார்கள். ஆகவே, 'மூளையின் வயது' என்றால் எந்தப் பகுதியின் வயது? மேலும், எலி கிழடானாலும் அதன் மூளையில் அல்சைமர் நோய்க்குரிய புரதப் படிவுகள் இயல்பாகத் தோன்றுவதில்லை. மனித மரபணுவைப் புகுத்தித்தான் அவற்றை உண்டாக்குகிறார்கள். கடிகாரம் இருவருக்கும் 0.7 என்று காட்டினாலும் இரு மூளைகளும் ஒரே நிலையில் இருப்பதாகக் கொள்ள முடியாது. எலியிடம் பலித்த மருந்து மனிதனுக்கும் பலிக்கும் என்று அந்த எண்ணை மட்டும் நம்பிச் சொன்னால், ஏமாறுவது நோயாளியே.

எனவே கடிகாரம் வீண் என்று கூறவில்லை. 1.0, 1.3, 1.6 எனப் பல பெருக்கெண்களைக் கொண்டு கணக்கிட்டு, விடையை ஒரே எண்ணாக அன்றி ஒரு வரம்பாகத் தரலாம். கணிப்பொறிக்கு அது சில நிமிட வேலைதான். மாணவர்களே, இத்தகைய செய்திகளைப் படிக்கும்போது, விடையைக் கண்டு வியக்குமுன், வகுத்த எண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.