எல்லையோரக் கல்லூரியும் பன்முகத்தன்மைக் கணக்கும்

1914ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பதிவுபெற்றிருந்த பட்டதாரிகள் 650 பேர். அவர்களில் 452 பேர் பிராமணர்கள். அன்றைய மாகாண மக்கள்தொகையில் அவர்கள் பங்கோ நூற்றுக்கு மூன்றை ஒட்டித்தான் இருந்தது. 1916இன் பிராமணரல்லாதார் அறிக்கை, 1920களின் வகுப்புவாரி அரசாணைகள், 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்குத் தீர்ப்பு, அதே ஆண்டின் முதல் அரசியல் சட்டத் திருத்தம் என்று நீண்ட வரலாறு முழுவதும் இந்த ஒரே கேள்வியைச் சுற்றியது: மக்கள் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகத்தில் அந்த மக்கள் இருக்கிறார்களா?

இன்று அந்தக் கேள்விக்குத் தமிழ்நாடு தெம்பாகப் பதில் சொல்ல முடியும். பிற்படுத்தப்பட்டோருக்கு 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1 என 69 விழுக்காடு இடங்கள் சட்டப்படி பங்கிடப்படுகின்றன. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22இல் உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47. இந்தியச் சராசரி 28.4தான். பெண்கள் இதில் பின்தங்கவில்லை. இது பெரிய சாதனை. இதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் மாநிலத்தின் கூட்டுத்தொகை ஒன்று, ஒரு கல்லூரியின் வகுப்பறை வேறு. சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த அரசு கலைக் கல்லூரி ஒன்று திருத்தணியில் இருக்கிறது. மலையடிவாரம், பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, விசைத்தறி ஓடும் பொதட்டூர்பேட்டை என்று சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டும் பல்கலைக்கழகம் அதுதான். பன்முகத்தன்மையை அளப்பதாகச் சொல்லும் அளவுகோல்களை அங்கே வைத்துப் பார்த்தால் எது நிற்கும், எது விழும் என்பது தெரிந்துவிடும்.

முதலில் டெல்லியின் அளவுகோல். தேசிய நிறுவனத் தரவரிசை 2016 முதல் வருகிறது. 2023 தரவரிசையில் அனைவரையும் உள்ளடக்கும் தன்மைக்கான 100 மதிப்பெண்ணில் 30, வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்களின் விகிதத்துக்கு. பெண்களுக்கும் 30. பொருளாதாரத்திலும் சமூகத்திலும் நலிந்தவர்களுக்கு 20. அதுவும் சேர்ந்தவர்களின் எண்ணிக்கைக்கு அல்ல, முழுக் கல்விக் கட்டணத்தைத் திரும்பப் பெறும் இளநிலை மாணவர்களின் விகிதத்துக்கு.

இரண்டு பெண்களை எடுத்துக்கொள்வோம். ஒருத்தி நகரிக்காரி; அரக்கோணம் - ரேணிகுண்டா பாதையில் ரயிலேறினால் சிறிது நேரத்தில் திருத்தணி. தெலுங்கும் தமிழும் கலந்த பேச்சு, ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கும் குடும்பம். இன்னொருத்தி பள்ளிப்பட்டுப் பக்கத்து இருளர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வருகிறவள்; செங்கல் சூளைக்குப் பிழைக்கப் போன பெற்றோரின் மகள். நகரிப் பெண் சேர்ந்தால் கல்லூரிக்கு ‘வெளிமாநிலப் பன்முகம்’ என்ற கணக்கில் மதிப்பெண் ஏறும். இருளர் பெண் சேர்ந்தால் அந்த வெளிமாநில 30இல் ஒன்றும் ஏறாது. யார் வந்து சேர்வது கடினமோ அவளுக்கு அந்தக் கணக்கில் மதிப்பில்லை. யாருக்கு அந்தக் கல்லூரி ஏற்கெனவே சொந்த ஊர்ப்புறமோ அவளே அரிய வரவு!

இந்த அளவுகோலின் அபத்தத்தைத் திருத்தணியின் வரலாறே காட்டிக்கொடுக்கிறது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது இந்த ஊர் சித்தூர் மாவட்டத்தோடு அங்கே போனது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் பரிந்துரை, 1959இன் எல்லை மாற்றச் சட்டம் ஆகியவற்றுக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று திரும்பி வந்தது. அதற்கு முந்தைய நாள் சென்னையில் படித்துக்கொண்டிருந்த திருத்தணி மாணவர் வெளிமாநிலத்தவர், மறுநாள் உள்ளூர்க்காரர். அவர் பேச்சோ, குடும்பமோ, வறுமையோ அந்த ஒரு ராத்திரியில் மாறியிருக்காது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கத்து ஆய்வுத் துறைகளுக்குப் பல மாநிலத்து மாணவர்கள் வருவது நல்லது, அதை மறுக்கவில்லை. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கென்று திறந்த கல்லூரியை அதே கோலால் அளப்பதுதான் தவறு.

அடுத்தது நம்முடைய இடஒதுக்கீட்டுப் பட்டியல். 1914இன் கணக்கைத் தலைகீழாக்கியது இதுதான் என்பதால் என் மதிப்பீட்டில் இதுவே உயர்ந்து நிற்கிறது. ஆனாலும் எல்லையோரத்தில் இதற்கும் சில இடங்களில் கண் தெரிவதில்லை.

ஒன்று, அதே நகரிப் பெண். அவள் ஆந்திரத்தில் பட்டியல் சாதியாக இருந்தாலும் இங்கே பொதுப்பிரிவு. ஒரு மாநிலத்தின் பட்டியல் தகுதி இடம்பெயர்ந்தவரோடு இன்னொரு மாநிலத்துக்கு வராது என்று 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு கோல் அவளைத் தூக்கிக் கொண்டாடுகிறது, மற்றொன்று அவள் சுமையைப் பார்க்க மறுக்கிறது.

இன்னொன்று மொழி. வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். 2006இன் தமிழ் கற்பித்தல் சட்டத்துக்குப் பின் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் மொழிச் சிறுபான்மை மாணவர்களுக்கு விலக்கு கேட்டு வழக்குகள் நடந்தன. தமிழ் எல்லோரும் கற்க வேண்டிய மொழி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பிள்ளை கல்லூரிக்கு வந்தபின் தாக்குப்பிடிக்கிறதா, பாதியில் நிற்கிறதா என்று யாருக்கும் தெரியாது. உயர்கல்விக் கணக்கெடுப்பு பாலினம், சமூகப் பிரிவு, சிறுபான்மைச் சமயம், மாற்றுத்திறன் எல்லாம் கேட்கிறது. வீட்டில் பேசும் மொழியைக் கேட்பதில்லை.

எல்லாவற்றிலும் கனமானது பழங்குடியினருக்கான அந்த 1 விழுக்காடு. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் நூற்றுக்கு 1.1. ஆகவே ஒதுக்கீடு எண்ணிக்கைக்குப் பொருத்தம்தான். சிக்கல் அந்த இடத்தை அடைகிற வழியில் இருக்கிறது. பழங்குடிச் சான்றிதழை வட்டாட்சியர் தர முடியாது. கோட்டாட்சியர் கையெழுத்து வேண்டும். இந்தப் பகுதிக்கு அந்த அலுவலகம் திருத்தணியிலேயே இருக்கிறது. இ-சேவை மையத்தில் பதிவு செய்தால் விசாரணை வரும். அப்பா பெயரில் சான்று உண்டா, அம்மா எந்த ஊர், நிலையான முகவரி எது என்று கேள்விகள் வரும். அரிசி ஆலையிலும் சூளையிலும் கொத்தடிமையாக இருந்து மீட்கப்பட்ட குடும்பங்கள் இருளர்களிடையே உண்டு. அவர்கள் எந்தப் பெட்டியிலிருந்து அப்பாவின் சான்றை எடுப்பார்கள்? விண்ணப்பத்தின் கடைசித் தேதி விசாரணைக்காகக் காத்திராது. கல்லூரியின் பழங்குடி இடம் அந்த ஊரிலேயே சான்றுக்காக முடங்குகிறதென்றால், ‘தகுதியான விண்ணப்பதாரர் இல்லை’ என்ற குறிப்பை நான் ஏற்க மாட்டேன்.

வர்க்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வசதியுள்ளவர்கள் எல்லாச் சாதியிலிருந்தும் சுயநிதிக் கல்லூரிகளுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். மிச்சமிருப்பவர்களை மட்டும் எண்ணி ‘எல்லாப் பிரிவும் இருக்கிறது’ என்றால் அது பாதி உண்மை.

என் தீர்ப்பு: வெளிமாநில மதிப்பெண் பொது நிதியில் நடக்கும் இளநிலைக் கல்லூரிகளுக்குப் பொருந்தாது, அதை எடுத்துவிட வேண்டும். இடஒதுக்கீட்டுப் பட்டியல் நிற்கும், நிற்க வேண்டும்; அது வாசல் வரைக்குமான அளவு என்பதை மட்டும் மறக்கக்கூடாது. சென்னைப் பல்கலைக்கழகம் தன் ஒவ்வொரு கல்லூரிக்கும் பாடவாரியாக, சேர்ந்தவர் எத்தனை, முடித்தவர் எத்தனை என்று சமூகப் பிரிவோடு வெளியிடட்டும். சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி, வட்டம், முதல் பட்டதாரியா என்ற மூன்று கேள்விகள் சேரட்டும். முதல் பட்டதாரிச் சான்றை வருவாய்த் துறை ஏற்கெனவே கொடுத்துவருவதால் மூன்றாவது கேள்விக்குப் புதிய ஏற்பாடு எதுவும் தேவைப்படாது. பழங்குடிச் சான்றைப் பிளஸ் டூ முடியும்வரை தள்ளிப்போடாமல், இருளர் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே கோட்டாட்சியர் பள்ளிக்கு வந்து முகாம் நடத்திக் கொடுத்துவிடலாம். அப்போது விசாரணைக்கு மூன்று ஆண்டு அவகாசம் இருக்கும்.