பரண் மீதிருந்து பார்த்த காடு

ஐந்திணைதான் உலகின் முதல் சூழலியல் கோட்பாடு. சங்கத் தமிழர் விலங்குகளோடு ஒட்டி உறவாடி வாழ்ந்தனர். வேட்டை என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்து ஒட்டவைத்த வியாதி. இந்த மூன்றையும் சொல்லாமல் இப்போதெல்லாம் ஒரு தமிழ்த்துறைக் கருத்தரங்கு முடிவதில்லை. சூழல் நூல்களின் முன்னுரைகளும் இதையே பாடமாக ஒப்பிக்கின்றன. கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. பாட்டைத் திறந்து பார்த்தால் கதை வேறு.

மலைபடுகடாத்தில் பரிசில் பெறப் போகும் கூத்தருக்கு வழி சொல்கிறவர் ஓர் எச்சரிக்கை தருகிறார். விளைந்த புனத்தைப் பன்றி அழித்துவிடும் என்று அஞ்சி, அது நுழையும் சந்துகளில் எல்லாம் பெரிய கல் பொறிகளை மாட்டி வைத்திருக்கிறார்கள். ஆகவே இருட்டில் அந்த வழியில் கால் வைக்காதீர்கள், விடிந்தபின் போங்கள் என்கிறார். மலைக்காட்டு விவசாயி அன்று என்ன நிலையில் இருந்தார் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சி வேண்டியதில்லை. நற்றிணையின் 98ஆம் பாட்டில் உக்கிரப் பெருவழுதி அதே பொறியைப் பன்றியின் பக்கமிருந்து காட்டுகிறார். முள்ளம்பன்றியின் முள்ளைப் போலப் பிடரிமயிர் தடித்த, கண் சிறுத்த பன்றி பொறிக்குள் நுழையப் போகிறது. பக்கத்தில் பல்லி சொல்கிறது. பன்றி மெல்லப் பின்வாங்கித் தன் அளைக்குத் திரும்பிவிடுகிறது. வழிபடுகிறவன் இவ்வளவு கூர்ந்து பார்ப்பதில்லை. பொறி வைத்துவிட்டுக் காத்திருக்கிறவன் பார்ப்பான்.

குறிஞ்சித் தலைவி கிளி ஓட்டப் பயன்படுத்தும் தழல், தட்டை, குளிர் எல்லாம் காவல் கருவிகள்தான். கொல்லிமலை வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்துச் சென்றதாக வன்பரணர் பாடியது பெருமையாகத்தான். மயிலுக்குப் போர்வை தந்த பேகனை மேடைதோறும் அழைத்துவருகிறவர்கள் ஓரியை ஏன் வீட்டிலேயே விட்டுவருகிறார்கள் என்று யாராவது கேட்க வேண்டும்.

இதனால் சங்கத் தமிழர் கொடியவர் ஆகிவிடமாட்டார்கள். வேட்டைக்கும் ஒரு நெறி இருந்தது. கண்ணப்பர் புராணத்தில் சேக்கிழார் வேட்டைக்களத்தின் ஆரவாரத்துக்கு நடுவே நின்று ஒன்றைச் சொல்கிறார்: அந்த வேடர்கள் யானைக்கன்றைத் துரத்தவில்லை, சிறு குட்டிகளைக் கொல்லவில்லை, சூல் கொண்டு தளர்ந்து நடப்பவற்றைத் தொடவில்லை. இது 12ஆம் நூற்றாண்டு. நீலகிரியில் வேட்டைவிலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1879இல். சேக்கிழாருக்கு முன்பே சமணமும் குறளும் புலால் மறுப்பை உயர்த்திப் பிடித்தன. ஊர்க்கோயில்களோ பாரிவேட்டையை விடவில்லை; சாமியே வேட்டைக்குப் புறப்பட்டது.

வெள்ளையர் காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம், நிறைய எழுதியாகிவிட்டது. 1873இல் சென்னை மாகாணம் காட்டு யானைக்குச் சட்டப் பாதுகாப்பு தந்தது. சில ஆண்டுகளில் நீலகிரியில் உரிமமும் பருவ விலக்கும் வந்தன. சட்டம் யாருக்கு என்பதுதான் விஷயம். துரை சுட்டால் விளையாட்டு, இருளர் கண்ணி வைத்தால் திருட்டு. பென்னாகரம், அஞ்செட்டி, ஜவளகிரிக் காடுகளை ஆங்கில வாசகருக்கு அறிமுகப்படுத்திய கென்னத் ஆண்டர்சன் இந்த இரண்டுக்கும் இடையில் நின்ற விசித்திரமான மனிதர். அவருடைய ஆட்கொல்லிக் கதைகளில் மிகை உண்டு. ஆனால் சின்னாற்றங்கரைப் பூசாரி பைராவிடம், அவர் கள்ளவேட்டைக்காரர் என்று தெரிந்தே, காட்டைக் கற்றுக்கொண்டதை ஆண்டர்சன் மறைக்கவில்லை. தமிழ்க் காட்டைப் பற்றிய அந்தப் புத்தகங்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன என்பது நம் வெட்கம்.

வெட்கப்பட இன்னொரு காரணமும் இருக்கிறது. அவர் பெயர் மா. கிருஷ்ணன்.

'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். 1912இல் பிறந்தார். பெல்லாரிப் பக்கத்துச் சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி எனப் பல வேலைகள் பார்த்தபடி காட்டைச் சுற்றினார். 1950 முதல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இரு வாரத்துக்கு ஒருமுறை பத்தி எழுதினார். 1996 பிப்ரவரியில் அவர் இறக்கும்வரை, 46 ஆண்டுகள், அது நிற்கவில்லை. பல கேமராக்களின் உறுப்புகளைத் தானே கோத்து ஒரு பெட்டியை உருவாக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று கிண்டலாகப் பெயரிட்டுக் கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். தமிழில் துப்பறியும் நாவல்கூட எழுதினார். தமிழில் எழுதிய இயற்கைக் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தேடித் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று நூலாக்கினார். இல்லையென்றால் அவையும் போயிருக்கும். தமிழ்க் கட்டுரையின் வரலாற்றைப் பேசுகிறவர்கள் இன்றும் அப்பாவோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

கிருஷ்ணன் செய்தது என்ன? வேடனின் பொறுமையை, வேடனின் ஐயத்தை, அப்படியே வைத்துக்கொண்டு துப்பாக்கியை மட்டும் கீழே வைத்தார். அவர் உரைநடையில் விலங்கு மனிதனுக்கு நீதி சொல்ல வருவதில்லை. அழுவதில்லை, நன்றி காட்டுவதில்லை. குயில் குயிலாக இருக்கிறது. சொந்தக் கண்ணால் பார்க்காததை எழுதுவதில்லை என்ற கண்டிப்பும், கேலியும், கொஞ்சம் முன்கோபமும் கலந்த அந்த நடைக்குத் தமிழில் வாரிசு உருவாகவில்லை. பாஸ்கரனின் 'இன்னும் பிறக்காத தலைமுறைக்காக' போன்ற நூல்கள் அதற்கு மிக அருகில் வருகின்றன. க. ரத்னம் பறவைப் பெயர்களை ஊர் ஊராகத் திரட்டியதும் அதே மரபின் பணிதான்.

மற்ற எல்லோரும் வேறு பக்கம் போனார்கள். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்த அதே 1972இல்தான் தேவர் பிலிம்ஸின் 'நல்ல நேரம்' வெளியானது. எம்.ஜி.ஆருக்குத் துணை நிற்கும் யானை தமிழ் மனதில் அன்று ஏறி உட்கார்ந்தது, இன்னும் இறங்கவில்லை. தெப்பக்காட்டு யானை முகாமில் எடுத்த ஆவணப்படம் 2023இல் ஆஸ்கர் வாங்கியபோது நாம் கைதட்டியதும் பெருமளவு அந்தப் பழைய யானைக்குத்தான். இலக்கியம் புலியைத் தொட்டபோதும் அது அசோகமித்திரனின் 'புலிக் கலைஞ'னாக, வேஷம் போட்ட மனிதனாக வந்தது. மகத்தான கதை, புலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஜெயமோகனின் 'யானை டாக்டர்' இந்த வரிசையில் சிக்கலான இடத்தில் நிற்கிறது. டாப்ஸ்லிப்பில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியின் வாழ்க்கையை வைத்து எழுதப்பட்ட அந்தக் கதையின் பலம், அழுகிய யானைச் சடலத்தை அறுக்கும் காட்சியில் இருக்கிறது. புழுக்களிலிருந்து கண்ணை எடுக்காமல் எழுதியிருக்கிறார். பின்வந்தவர்கள் புழுவை விட்டுவிட்டார்கள். காலில் பீர் பாட்டில் சில்லு குத்திய யானையையும், வாசகரின் கண்ணீரையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பத்து வருடமாகத் தமிழ்ச் சிறுகதையில் நடமாடும் யானைகளுக்கு எடையே இல்லை. அவை ஒரு ஏக்கர் வாழையைத் தின்பதில்லை.

எடையுள்ள விலங்குகள் வேறு இடத்தில் இருக்கின்றன. ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி'யை எல்லோரும் வீரப்பன் தேடுதலின் கொடுமைக்காகப் படிக்கிறார்கள். அதன் முற்பகுதியில் வரும் காட்டு வாழ்க்கை அதே அளவு முக்கியம். லட்சுமி சரவணகுமாரின் 'கானகன்', அங்கங்கே மிகையாகப் பேசினாலும், வேட்டைக்காரனின் கண்ணில் புலியைக் காட்டத் துணிந்தது. யுவபுரஸ்கார் அதற்குக் கிடைத்தது தகுதியானதே.

வேட்டையறிவு காட்டுயிரின் எதிரி என்ற நம்பிக்கைக்குச் சென்னைக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. பாம்புத் தோல் வணிகம் தடைப்பட்டதும் வேலை இழந்த இருளர்கள், பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் துணையோடு 1978இல் வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பிடிப்பது நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நாலு வகை மட்டும். கடப்பாரையோடு வரப்பில் நடக்கிறவர் வளை வாயில் மண் எப்படி வழுவழுத்திருக்கிறது, பாம்பு உரித்த சட்டை எவ்வளவு புதியது என்று பார்த்துத்தான் தோண்டுகிறார். சில வாரம் பானையில் வைத்து விஷம் எடுத்து, அடிவயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, திரும்பக் காட்டிலேயே விடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு மூலப்பொருள் இங்கிருந்து போகிறது. சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் புளோரிடா வரை போய்வந்தார்கள். 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். இவர்கள் கண்ட பாம்புகளைப் பற்றித் தமிழில் ஓர் உருப்படியான நூல் உண்டா?

இதற்கிடையில் ஊர் வேறொன்றோடு போராடுகிறது. காட்டுப்பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயை, அதாவது வெடி பொதிந்த தீனியை, கடித்து யானையின் வாய் சிதறுகிற செய்தி வராத வருடமில்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஆணை போட்டது: காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர்வரை பன்றியைத் தொடக்கூடாது, ஒன்றிலிருந்து மூன்றுக்குள் வந்தால் பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்றைத் தாண்டினால் வனத்துறையினர் சுடலாம். மலைபடுகடாம் கண்ட அதே பன்றி, அதே புனம். கடலைக் கொல்லையில் ராத்திரி முழுக்க டார்ச்சோடு உட்கார்ந்திருக்கும் விவசாயிக்கு அந்தப் பன்றியைப் பற்றித் தெரிந்தது நம் சூழல் எழுத்தாளர் பலருக்குத் தெரியாது. அவருக்குப் பன்றி மேல் அன்பு கிடையாது. கவனம் உண்டு.

ஆகவே தமிழ்த்துறைகள் திணைக்கோட்பாட்டு ஆய்வேடுகளைச் சில காலம் ஒத்திவைக்கலாம். அந்த மாணவர்களை ஒலிப்பதிவுக் கருவியோடு வடநெம்மேலி இருளரிடமும், தெப்பக்காட்டுக் குறும்பரிடமும், கோழிகமுத்தி மலசர் பாகன்களிடமும், கொல்லைக் காவலுக்குப் போகும் விவசாயிகளிடமும் அனுப்ப வேண்டும். அவர்கள் சொல்வதைத் திருத்தாமல் அச்சிட வேண்டும். கூடவே, கிருஷ்ணன் 46 ஆண்டுகள் ஆங்கிலத்தில் எழுதியவற்றில் பெரும்பகுதி இன்னும் தமிழ் வாசகர் கைக்கு வரவில்லை. அந்தப் பத்திகளைத் தமிழில் கொண்டுவர ஒரு பதிப்பகமாவது முன்வர வேண்டும்.